நரி பார்க்கிற கண்ணாடி

"மாமி, பின்னேரம் கண்ணாடி வாங்கப் போறன். இருட்டுப்படேக்கையும் வடிவாத் தெரியிற கண்ணாடி. நீங்களும் வாங்கோவன்" என்று மருமகன் கேட்டபோது எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் எனக்கு வாசல்படி தெரிவதில்லை. சொன்னால் தனியாக வெளியே விடமாட்டார்கள் என்று மகளிடம்கூட மூச்சு விடவில்லை. இவர் எப்படியோ கவனித்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்ல சேலை உடுத்து, பழைய கண்ணாடியைக் கூட்டோடு கைப்பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

நாங்கள் இருக்கிற டார்னெய்ட்டிலிருந்து கொஞ்சத் தூரம். கடைக்குள்ளே போனால் சுவர் முழுக்கத் துவக்கு, வேட்டைத் துப்பாக்கிகள்.

மருமகன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாதேங்கோ. இது துவக்கில பூட்டுற கண்ணாடி. என்னோட வேலை செய்யிற ஒருத்தற்ற பண்ணையில நரி ஆட்டுக்குட்டியளைத் தூக்குதாம். பொழுதுபடேக்கைதான் வருமாம், சுடப் போறம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஒரு கதிரையில் இருந்தேன்.

கடைக்கார வெள்ளைக்காரர் குழாய் மாதிரிச் சிலவற்றை எடுத்து வைத்தார். முன்வில்லை பெரிதாக இருந்தால் வெளிச்சம் கூட வருமாம். அளவுக்கு மேல் பெருப்பித்துப் பார்த்தால் இருண்டுபோகுமாம். மருமகன் எனக்குச் சொல்லுகிற சாட்டில் தனக்கே விளங்கப்படுத்திக்கொண்டார். கடை விளக்கில் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும், மங்கலில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று கடைக்காரர் எங்களைப் பின்கதவுக்குக் கூட்டிப்போனார். பொழுது பட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவும் பார்க்கட்டும் என்று கடைக்காரர் என்னிடமும் ஒன்றை நீட்டினார். பார்த்தேன். பனிமூட்டம் மாதிரி ஒரே புகார். மற்றதிலும் அப்படித்தான்.

"ஓம், நல்லாத் தெரியுது" என்றேன்.

"என்ன தெரியுது?" என்றார் மருமகன்.

"வெள்ளைக் கார்."

"மாமி, அது தண்ணித் தாங்கி."

கடைக்காரர் வில்லையைத் துணியால் துடைத்துத் தந்தார். திரும்பவும் எனக்குக் கார்தான். சிரிக்க வாயெடுத்த மருமகன் நிறுத்திவிட்டார்.

"எப்ப தொட்டு இப்பிடி?"

"குளிர் தொடங்கினதில இருந்து, தம்பி. படியும் தெரியேல்லை."

"ஏன் சொல்லேல்லை?"

"வீட்டுக்குள்ள இருத்திப்போடுவியள்."

"ஆர் இருத்தினது? கண்ணைக் காட்டினால் சரி."

அவர் நடுத்தரமான ஒன்றை எடுத்துக்கொண்டு, கார் வரைக்கும் என் கையை விடவில்லை. காருக்குள் இருந்து, எனக்கும் கேட்கிற மாதிரி மகளுக்குப் போன் எடுத்தார்.

"அம்மாவுக்குக் கண் டொக்டரிட்ட அப்பொயின்ட்மென்ட் எடும். பின்னேரத்தில ஒண்டும் தெரியேல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"துவக்குக் கடையில பாத்தனாங்கள்."

"அம்மாட்டக் குடுங்கோ" என்றாள் மகள்.