நன்னிலம் அருகே இல்லாத ஓர் ஏரி

ஆய்வேட்டை மதிப்பிடும் தேர்வாளர், அது தமக்குக் கிடைத்த இரண்டு மாதங்களுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால் பட்டியலில் உள்ள அடுத்த பெயருக்கு ஆய்வேட்டை மாற்ற வேண்டும். எங்கள் பல்கலைக்கழக ஆராய்ச்சி விதிகளில் எனக்கு மனப்பாடமான பகுதி இது. பணியில் இருந்தபோது இதைக் காட்டிப் பலரிடம் வேலை வாங்கியிருக்கிறேன். இது யாருக்குப் பொருந்தாது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் இயற்கைப் புவியியல் நடத்தினேன். பிற்பாடு புவித் தகவல் அறிவியலும் என் தலையில் விழுந்தது. டெல்டாவில் இயற்கைப் புவியியல் நடத்துவது ஒரு தனி வேடிக்கை. சமவுயரக் கோடுகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினால் அங்கே உயரம் என்று எதுவும் இருக்காது. ஒரு மேட்டைக் காட்ட வேண்டுமென்றால் பேருந்து பிடித்துக் கொள்ளிடக் கரைக்குக் கூட்டிப் போக வேண்டும். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கைப் போட்டு வரைபடத்தை நகலெடுத்த காலத்தில் பணியில் சேர்ந்தேன். மாணவர்கள் செயற்கைக்கோள் படத்தைக் கைபேசியில் விரித்துப் பார்க்கும் காலத்தில் வெளியே வந்தேன். இடையில் துறைக்குக் கணினிகள் வந்தன. அவற்றுக்கு உறை தைத்துப் போட்டோம். பிறகு உறையைக் கழற்ற அனுமதி கேட்டு எழுதினோம்.

என்னிடம் கடைசியாக ஆய்வுக்குப் பதிந்தவர் எங்கள் துறையிலேயே கௌரவ விரிவுரையாளராக இருந்த ஒரு பெண். நாற்பதைக் கடந்தவர். நன்னிலம் பக்கத்தில் சொந்த ஊர். அவருடைய பெற்றோர் பிறர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது அவருடைய அண்ணன் அந்த வயல்களில் சிலவற்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். கௌரவ விரிவுரையாளரின் கௌரவம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். முனைவர் பட்டம், அல்லது ஆய்வேடு ஏற்கப்பட்டதற்கான கடிதமாவது இல்லாதவர்களுக்கு அடுத்த ஜூனிலிருந்து புதுப்பிப்பு கிடையாது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அவர் கவலைப்படவில்லை. ஆய்வேடு அதற்கு முன்பே தேர்வாளர்களிடம் போயிருந்தது.

அவருடைய ஆய்வு இதுதான். ஐப்பசியில் டெல்டாவை மேலிருந்து பார்த்தால் எங்கும் தண்ணீர். அதில் நடவுக்காக விவசாயி கட்டிவைத்த தண்ணீர் எது, பயிரை மூழ்கடித்த வெள்ளம் எது என்று செயற்கைக்கோள் படத்தில் பிரித்துச் சொல்வது. வெள்ள நிவாரணக் கணக்கெடுப்புக்கு வருபவர்கள் காரிலிருந்து இறங்காமலேயே இரண்டையும் ஒன்றாக எழுதிப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர் அவர். தலைப்பை அவரே கொண்டுவந்தார். நான் கையெழுத்துதான் போட்டேன்.

ஒரு தேர்வாளர் உடனே ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் வடமேற்கே ஒரு வறண்ட மாநிலத்தவர். மணல் மேடுகளைப் பற்றி ஆராய்ந்து பெயர் வாங்கியவர். அவருடைய அறிக்கை ஆனியில் வந்தது. செயற்கைக்கோள் படத்தில் தெளிவாக ஏரி தெரியும் இடத்தை ஆய்வாளர் நெல் வயல் என்று குறித்திருக்கிறார்; அதே இடத்தின் புகைப்படமோ வெடித்துக் கிடக்கும் தரிசைக் காட்டுகிறது; ஆகவே இடக்குறிப்புகள் நம்பத்தக்கவை அல்ல; ஆய்வாளர் அந்த இடத்துக்குப் போனதாகத் தெரியவில்லை; திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.

அறிக்கையை எங்கள் ஆய்வாளர் என் வீட்டுக் கூடத்தில் வைத்துத்தான் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தாளை மடித்தார்.

"நான் எங்க ஊருக்குப் போனதே இல்லையாம் மேடம்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஆய்வேட்டைப் புரட்டினேன். புரட்டப் புரட்டக் கோபம் போய், தவறு எங்கள் பக்கம் என்று தெரிந்தது. எங்கள் துறையில் களப்பணி எப்போதும் சித்திரையில்தான். விடுமுறை அப்போதுதான், வரப்பில் செருப்போடு நடக்க முடிவதும் அப்போதுதான். நடவு நேரத்தில் பருவத் தேர்வு வரும், மழை வரும், ஜிபிஎஸ் கருவியோடு நாற்றை மிதித்தால் வயல்காரர் திட்டுவார். அதனால் ஐப்பசியில் எடுத்த செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் சித்திரையில் எடுத்த புகைப்படத்தை ஒட்டிவிடுவோம். காலங்காலமாக அப்படித்தான். உள்ளூர்த் தேர்வாளர் ஒருவரும் கேட்டதில்லை. ஐப்பசியில் வானம் தெரிய நிற்கும் வயல் சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும் என்பதை இங்கே யாருக்குச் சொல்ல வேண்டும்? எங்கள் ஆய்வேடுகள் மாவட்ட எல்லையைத் தாண்டாதவரை அந்தக் கேள்வி எழவில்லை.

மறுசமர்ப்பிப்புக்கு ஆறு மாதம். மார்கழிக்குள் கொடுக்க வேண்டும். அதே வயலில், நட்ட கையோடு, தண்ணீர் நிற்கும்போது புகைப்படம் எடுக்க வேண்டும். அதே நடவுக் காலத்துச் செயற்கைக்கோள் படமும் வேண்டும். இதைச் சொன்னபோது அவர் முகம் இருண்டது.

"எந்த வயல்ல மேடம்? இப்ப யாரு நடுறா?"

அவர் சொன்னது சரி. தண்ணீர் வரும் தேதி நிச்சயமில்லை, நடவுக்கு ஆள் இல்லை என்று அந்தப் பக்கம் முழுவதும் நேரடி விதைப்புக்கு மாறிவிட்டது. காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள்; வயலில் தண்ணீர் நிற்பதற்குள் பயிர் எழுந்து பச்சை காட்டிவிடும். அது ஏரியாகத் தெரியாது. ஏரியாகத் தெரியும் ஒரு வயல் எங்களுக்கு வேண்டும். ஆய்வேட்டில் குறித்த வயல்களில் ஒன்று அவருடைய அண்ணன் குத்தகைக்கு வைத்திருப்பது. அவரும் விதைப்புக்கு உழுதுவைத்திருந்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அண்ணன் வாசலில் உட்கார்ந்து மருந்துத் தெளிப்பான் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏரியா? அப்படின்னா வருசா வருசம் குத்தகைக்கு நெல்லு எதுக்கு அளக்குறேன்? மீன்ல அளந்துட்டுப் போறேன். அந்தாளு நம்பரைக் குடு, நான் பேசுறேன்."

"பேசக் கூடாதுண்ணே. விதி."

"உன் பட்டத்துக்கு நான் நாத்து விடணுமாக்கும்?"

"நாத்து விட்டுக் குடு, போதும். நான் வந்து நடுறேன்."

"கிழிச்ச. காலேஜுக்குப் போன நாள்லேருந்து வரப்புல குடை பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிற." என்னிடம் திரும்பினார். "விதைச்சமா, களைக்கொல்லி அடிச்சமான்னு இருக்கேன் டீச்சர். நாத்து விட்டு, சேறடிச்சு, ஆளு தேடி, நடுவுல மழை புடிச்சுக்கிச்சுன்னா மொத்தமும் போயிரும். போனா இவ சம்பளத்துலதான் நான் சாப்புடணும்."

"நடலைன்னா அந்தச் சம்பளமும் இல்ல" என்றார் தங்கை.

அண்ணன் தெளிப்பானின் வாஷரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அந்த ஒரு வயலில் மட்டும் என்றார். மற்றவற்றில் விதைப்புதான். காபி வந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இத்தனை ஆண்டுகள் பருவமழையைப் பற்றிப் பாடம் நடத்தியவள், இப்போது பொழுது விடிந்தால் வானிலைச் செயலியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று தினமும் போன் போட்டுக் கேட்கவும் கூச்சம்; கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. புரட்டாசியில் நாற்று வளர்ந்துவிட்டது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. நாற்று முற்றிப்போகும் என்று அண்ணன் சொன்னார். தண்ணீர் வந்தபோது டிராக்டர் வேறு ஊரில் இருந்தது. டிராக்டர் வந்தபோது ஆள் இல்லை. கடைசியில் மேற்கு வங்கத்திலிருந்து வந்து அக்கம்பக்கத்து ஊர்களில் நட்டுக்கொண்டிருந்த ஆட்களை அண்ணன் பிடித்துவந்தார். ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். எங்கள் ஆய்வாளர் குடையை வரப்பில் வைத்துவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி, ஒவ்வொரு மூலையிலும் நின்று, ஜிபிஎஸ் திரை தெரிகிற மாதிரி படம் எடுத்தார். அவர் எனக்கு அனுப்பிய முதல் படத்தில் வயல் முழுவதும் வானம். நாற்று இருப்பதே தெரியவில்லை. ஒரு கணம் எனக்கே அது ஏரியாகத்தான் தெரிந்தது.

பாதி வேலை முடிந்தது. மீதி மேலே இருந்தது. செயற்கைக்கோள் சில நாட்களுக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் போகும். அது போகும் காலைப்பொழுதில் மேகம் இருக்கக் கூடாது. பயிர் தூர் கட்டித் தண்ணீரை மூடிவிட்டால் பிறகு எடுத்தும் பயனில்லை. முதல் முறை மேகம். இரண்டாம் முறை தஞ்சாவூர் பளிச்சென்று இருந்தது, நன்னிலத்தின் மேல் மட்டும் வெள்ளைப் போர்வை. ஊரெல்லாம் மழையை எதிர்பார்த்துக்கொண்டிருக்க, அது ஒரு காலை மட்டும் வராமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இதை வெளியில் சொன்னால் அடிப்பார்கள்.

வேண்டுதல் பலிக்கவில்லை. இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை அண்ணனிடமிருந்து எனக்கே போன்.

"டீச்சர், இப்ப நெசமாவே ஏரியாயிட்டுது. வந்து படம் எடுத்துக்கங்க."

பயிர் மூழ்கியிருந்தது. விதைப்பு வயல்களில் பயிர் உயரமாக இருந்ததால் தலை தப்பியது. எங்களுக்காக நட்ட வயல்தான் அடியில் கிடந்தது. பட்டத்தை விடுங்கள், அந்த மனிதருடைய ஒரு போகத்தை நாங்கள் கரைத்துவிட்டோம் என்ற நினைப்பில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் வரப்பை வெட்டி, வடிகாலில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துப்போட்டு, தண்ணீரை இறக்கினார். ஒரு மூலை அழுகிப்போனது. மற்றது நிமிர்ந்தது. அடுத்த முறை செயற்கைக்கோள் போனபோது மேகம் விலகியிருந்தது. திரையில் அந்த வயல், சுற்றிலும் பச்சை விதைப்பு வயல்களுக்கு நடுவே, ஒரு சிறு கருநீலச் சதுரமாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆய்வாளரும் தம் வீட்டில் அதையேதான் செய்துகொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்.

தையில் அதே இடத்தில் அறுவடைக்கு நிற்கும் கதிரையும் சேர்த்தால் நன்றாயிருக்கும் என்று அவர் ஆசைப்பட்டார். விதி மார்கழி என்றது. மார்கழியிலேயே கொடுத்தோம்.

பிறகு காத்திருப்பு. மாசி போனது. பங்குனியில் நான் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய் என் விதியை எடுத்து வைத்தேன். பிரிவுக் கண்காணிப்பாளர் மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டார்.

"விதி சரிதான் மேடம். ஆனா அது முதல் தடவை அனுப்புறதுக்கு. திருத்தி வர்றது அதே தேர்வாளருக்குத்தான் போகணும். அவருக்கு இத்தனை நாள்னு எங்கயும் போடலை."

"அவர் பதிலே போடலைன்னா?"

"போடுவாரு மேடம்."

எழுதப்படாத விதியை எதிர்த்து முறையிட எந்தப் படிவமும் இல்லை. நினைவூட்டல் அனுப்பச் சொல்லிக் கேட்டேன், அனுப்பினார்கள். இன்னொன்று கேட்டேன், ஒன்றுக்கு மேல் அனுப்பினால் தேர்வாளரை வற்புறுத்துவதாகும் என்றார்கள். சித்திரையில் கல்லூரி மூடியது. அதுவரை திங்கட்கிழமை தோறும் எனக்குப் போன் செய்துகொண்டிருந்த ஆய்வாளர் நிறுத்திவிட்டார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. மின்னஞ்சலில் குப்பைக்கூடை வரைக்கும் தேடினேன். அந்தத் தேர்வாளருக்கு உடம்பு சரியில்லையோ, அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்றெல்லாம் நினைத்து, கடைசியாக நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஆனாலும் அவருடைய துறை இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். இருந்தார். கோடை முகாம் ஒன்றில் மாணவர்களோடு மணல் மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

வைகாசி நடுவில் புதுப்பிப்புக்கு விண்ணப்பம் அறிவித்தார்கள். தேவையான இணைப்புகளில் ஏற்புக் கடிதமும் ஒன்று. கடைசி நாளான ஜூன் பதின்மூன்றுக்குள் தேதியிட்டிருக்க வேண்டும். எங்கள் ஆய்வாளர் மற்ற எல்லாவற்றையும் தயார் செய்துவைத்துக்கொண்டு அந்த ஓர் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். நன்னிலத்தில் ஒரு தனியார் பள்ளியில் இடம் இருக்கிறதாம், கேட்டுவைத்திருக்கிறேன் என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விதி சொல்லாதீங்க மேடம்" என்றார்.

கடைசி நாளுக்கு முந்திய நாள் மதியம், பிரிவுக் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு மின்னஞ்சலைப் பார்க்கச் சொன்னார். தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது. அதை இணைத்து அலுவலகமும் ஏற்புக் கடிதம் போட்டுவிட்டது. நின்றபடியே படித்தேன். ஆய்வேடு ஏற்கப்படுகிறது. ஒரே ஒரு திருத்தம்: ஒவ்வொரு புகைப்படத்தின் கீழும் அது எடுக்கப்பட்ட மாதத்தைக் குறிப்பிட வேண்டும்.

ஆய்வாளருக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன்.

"மேடம், கடிதத்துல தேதி போட்டிருக்காங்களா? என்ன தேதி?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துச் சொன்னேன்: ஜூன் பன்னிரண்டு.