கடைசி ரோஸ் ரியூப்

மீன் விற்பது பெரிய வேலையில்லை. மீன் தொட்டிக்கு ரியூப் லைற் விற்றுப் பார்த்தால்தான் பொறுமை என்றால் என்னவென்று தெரியும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருபது வருடமாக வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் தொட்டி இருந்தால், ஒருநாள் ரியூப்பின் இரண்டு முனையும் கறுத்து, விட்டு விட்டு மின்னி, அணைந்து போயிருக்கும். அந்தக் கஷ்டம் பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மீன் தொட்டி என்றால் ரோஸ் வெளிச்சம்தான். பின்னேரம் ஒழுங்கையால் நடந்து போனால், எந்த வீட்டில் மீன் இருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்போது எல்லா ஜன்னலிலும் ஒரே வெள்ளை எல்.ஈ.டி. அந்த ரோஸ் ஜன்னல்களை நினைத்தால் எனக்கு இன்னமும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

எலாஸ்ரிக் அளவு

ரியூப் வாங்க வருபவர் பழைய ரியூப்பைக் கையோடு கொண்டுவந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் யார் கொண்டுவருகிறார்கள்? பஸ்ஸில் உடைந்துவிடும் என்று பயந்து, நூல், ஈர்க்கு, பிள்ளையின் ஸ்கூல் பெல்ற் என்று கைக்கு அகப்பட்டதில் அளந்து வருவார்கள். வத்தளையிலிருந்து வந்த தையல்காரத் தம்பி ஒருவர் பொக்கற்றிலிருந்து எடுத்தது, பாவாடைக்குப் போடுகிற எலாஸ்ரிக். ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை நான் பிடித்தேன். சரியாக இரண்டடி வந்தது.

அடுத்த நாளே திரும்பி வந்தார். ரியூப் தொட்டி மூடிக்கு வெளியே அரை அடி நீட்டிக்கொண்டு நிற்கிறதாம். எலாஸ்ரிக்கை மேசையில் இழுக்காமல் போட்டு அளந்து காட்டினேன். ஒன்றரை அடி. எலாஸ்ரிக்கைச் சுருட்டிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நேற்று நீங்கள் இழுத்த இழுவை கூடிப்போச்சு அண்ணை."

வீட்டுச் சாப்பாடு

இது ஒரு வாக்குமூலம். ரோஸ் ரியூப் கடைகளுக்கு வருவது குறைந்தபோது, கடைசியாக மிஞ்சிய ஒன்றை நான் விற்கவில்லை. கடை முகப்பில் இருந்த இரண்டடித் தொட்டியின் மூடியில் பூட்டி எரியவிட்டேன். அந்த வெளிச்சத்தில் சாதாரணச் சிவப்பு மீனும் குங்குமமாகத் தெரியும். வீதியால் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், வாங்குவார்கள். என் வியாபாரத்தில் பாதி அந்த ரியூப்தான்.

பக்கத்து ஃப்ளாட்டில் இருக்கும் வங்கி உத்தியோகத்தர் ஒருவர் நாலு மீன் வாங்கிப்போனார். மூன்றாம் நாள் அதே பையில் தண்ணீரோடு கொண்டுவந்தார். மீன் எல்லாம் வெளிறிவிட்டதாம். வாங்கி முகப்புத் தொட்டியில் விட்டேன். விட்ட கையோடு நாலும் ஜம்மென்று சிவந்தன. வெளிச்சம்தான் காரணம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அவரோ என்னைச் சந்தேகிக்கவே இல்லை. கவலையோடு சொன்னார்: "கடையில இருக்கேக்க நல்ல சுகமாத்தான் இருக்கு. எங்கட வீட்டுச் சாப்பாடுதான் ஒத்துவரேல்ல போல."

நம்பாத மனிதர்

பிலோமினா அக்கா கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தார். பழைய கலண்டர் தாளில் சுற்றி, எரிந்துபோன ரியூப்பையே கொண்டுவந்திருந்தார். இரண்டடி, ரோஸ். இப்படி ஒரு வாடிக்கையாளரைக் கண்டதே சந்தோஷம். விற்க ரோஸ் இல்லை என்று சொல்லி, அதே அளவில் வெள்ளை ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு கிழமையில் அந்த வெள்ளை ரியூப்போடு திரும்பி வந்தார். அவருடைய கணவர் சைமன் அண்ணை துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெல்டிங் செய்தவர். இப்போது கண் மங்கிவிட்டது. பின்னேரமானால் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். ரோஸ் வெளிச்சத்தில் ஒரு பெரிய சிவப்பு மீன் மட்டும் அவருக்குத் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் அதுவும் தெரியவில்லை. மீன் செத்துவிட்டது, வீட்டில் மறைக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு யாரோடும் பேச்சு இல்லை.

"மீன் உயிரோட இருக்கெண்டு சொல்லுங்கோவன் அக்கா" என்றேன். அக்கா தலையை ஆட்டினார். "சொல்லாமலே தம்பி? அவர் ஆஸ்பத்திரியில இருக்கேக்க, அவற்ற தம்பி செத்ததை நாங்கள் ஒரு மாசம் மறைச்சனாங்கள். இப்ப என்னத்தைச் சொன்னாலும் நம்புறாரில்லை."

புறக்கோட்டையில்

எப்படியாவது எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போனேன். லைற் கடை ஒன்று மிச்சமில்லாமல் ஏறி இறங்கினேன். கடைசிக் கடை முதலாளி பழைய பழக்கம். இப்போது அதெல்லாம் வருவதில்லை என்று சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னார்: "தென் என்னே நே, அய்யே."

ஒளித்து வைத்தது

திரும்பி வந்து என் முகப்புத் தொட்டியின் முன்னால் நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன், கொடுக்க மனமில்லை. இரண்டு நாள் நின்று நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் சுவிட்சை அணைத்து, ரியூப்பைக் கழற்றி, அக்கா கடையில் விட்டுப்போன அதே கலண்டர் தாளில் சுற்றிக்கொண்டு த்ரீவீலரில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

சைமன் அண்ணை என் பக்கம் திரும்பவில்லை. ரியூப்பை அவருடைய தொட்டியில் பூட்டிச் சுவிட்சைப் போட்டேன். இரண்டு தரம் மின்னி, பிறகு எரிந்தது. பழைய ரோஸ் வெளிச்சம் சுவர் முழுக்கப் பரவியது. அவர் மூக்கைக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல் கண்ணாடியில் மெல்ல நகர்ந்தது, உள்ளே மீன் போகிற பக்கமாகவே. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். எத்தனை நாளுக்குப் பிறகோ அவர் மனைவியிடம் வாய் திறந்தார்: "இவ்வளவு நாளும் இதை எங்கை ஒளிச்சு வச்சிருந்தனீர்?"

இப்போது என் கடை மீன்கள் எல்லாம் தங்கள் சொந்த நிறத்திலேயே நீந்துகின்றன. பார்க்க வருகிறவர்கள்தான் இதுகளுக்கு என்ன வருத்தம், மருந்து ஒன்றும் போடவில்லையா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.