நாலாம் வாய்ப்பாட்டு டீச்சர்

ஆய்வுக்காகக் கடலூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் பெஞ்சுகளை எல்லாம் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, தரையில் கட்டம் போட்டு நாலு, எட்டு, பன்னிரண்டு என்று நாற்பதுவரை எழுதியிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதலில் அவர்தான் குதித்தார். பிள்ளைகள் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டே பின்னால் குதித்தார்கள். டீச்சருக்குக் கணுக்கால்வரை சாக்பீஸ் தூள்.

“உக்கார வெச்சி நடத்துங்க டீச்சர்” என்றேன்.

“உக்கார வெச்சா தூங்குதுங்க சார். குதிச்சா கணக்கு வருது. யார வேணா கேட்டுப் பாருங்க.”

ஏழு நாலு எவ்வளவு என்று ஒரு சிறுமியிடம் கேட்டேன். அவள் நின்ற இடத்திலேயே குதிகாலை ஏழு முறை தூக்கி இறக்கினாள். “இருபத்தெட்டு சார்!”

ஆனாலும் பதிவேட்டில், ‘மாணவர்கள் இருக்கையில் அமரவில்லை’ என்று எழுதி நீட்டினேன். டீச்சர் நிதானமாகப் படித்தார். அதற்குக் கீழே, ‘நாளையும் அமர மாட்டார்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திமிருக்கு மெமோ கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இப்போதும் அலுவலகத்தில் நாலால் பெருக்க நேர்ந்தால், மேசைக்கடியில் என் குதிகால் எழுந்து எழுந்து இறங்குகிறது.