காப்புக் கட்டிய ஊரும் கன்னியப்பனின் மாத்திரையும்

கன்னியப்பன் லாரி ஓட்டினான். ஒரகடம் பக்கத்துக் குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு பட்டணம் போவான், வருவான். எங்கள் ஊர் வடக்குப்பட்டில் பாம்பு கடித்தவன், பிரசவ வலியில் துடித்தவள் என்று எத்தனை பேரை அந்த லாரியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான்! இன்றைக்கு எவனாவது வாயைத் திறந்து சொல்கிறானா? சொல்ல மாட்டான்.

1991இல் அவனுக்கு இருமல் நிற்கவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, எய்ட்ஸ் கிருமி இருக்கிறது, கூடவே டி.பி.யும் இருக்கிறது என்றார்கள். "கிருமிக்கு மருந்து இல்லப்பா. ஆனா டி.பி. கொணமாவும். மாத்திரைய ஒரு நாள் வுடாத. மாசா மாசம் வா" என்று டாக்டரம்மா சொன்னாளாம். ரெண்டு மாதம் விழுங்கினான். இருமல் அடங்கிப்போய்க் கன்னத்தில் சதை வைத்தது.

அந்த ஆஸ்பத்திரியில் வார்டு பெருக்கும் ஊர்க்காரன் ஒருத்தன் சேதியை ஊருக்குள் அவிழ்த்துவிட்டான். அதோடு முடிந்தது. முடிவெட்டும் பாண்டுரங்கன் கத்தி மொக்கை என்றான். டீக்கடையில் அவனுக்கு மட்டும் கொட்டாங்குச்சி. கன்னியப்பன் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தான்.

ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற எட்டு நாளும் ஊர்க்காரன் வெளியில் ராத்தங்கக் கூடாது. மூணாம் நாள் இவனுக்கு மாத்திரை வாங்கும் முறை. போனான். சளி டெஸ்ட் ரிசல்ட் மறுநாள்தான் சொல்வோம் என்று நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் படுத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக ரிசல்ட்டையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தான்.

ஊர் முனையில் என் சைக்கிள் கடைக்கு எதிரே மறித்தார்கள். முன்னால் நின்றவர் கோயில் தர்மகர்த்தா சுப்பிரமணி.

"அங்கியே நில்லு. வெளிய தங்கிட்டு வந்து ஊருக்குள்ள காலு வெப்பியா?"

"மாத்திரைக்குப் போனேன் மாமா. இன்னா பண்ணச் சொல்ற?"

"ஆத்தாளாண்ட கேளு."

"ஆத்தா ஒண்ணும் சொல்லல. நீதான் சொல்ற."

கூட்டத்தில் ஒருத்தன், "லாரில போயி எங்கெங்க படுத்தானோ, இப்ப ஆஸ்பத்திரின்றான்" என்றான். சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுப்பிரமணி மகன் பாபு, கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுச் சைக்கிளில் வந்தான். ஒருத்தனும் மறிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போனான்.

"அவன் மட்டும் ராத்திரி எங்க இருந்துட்டு வரான் மாமா?"

"அவன் வேலைக்குப் போறான்டா."

"நான் மட்டும் சினிமாவுக்கா போனேன்?"

வழி விடவில்லை. நான் ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என் மகளுக்கு ஊருக்குள்ளேயே, சுப்பிரமணியின் சொந்தத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். வாயை மூடிக்கொண்டேன். திட்டுவதென்றால் முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும்.

மிச்ச நாளெல்லாம் கன்னியப்பன் குவாரித் தகரக் கொட்டகையில் மழையோடு கிடந்தான். திருவிழா முடிந்து ஊருக்குள் வந்தவன் என்னிடம் சொன்னான்: "இனிமே மாத்திரைக்குப் போவலண்ணே."

"செத்துடுவடா, பேமானி."

"நான் பஸ் ஏறுனாலே கொழாயடில சரோஜாவப் புடிச்சுக்கறானுங்க. உன் புருஷன் எங்க போனான், எங்களுக்கும் ஒட்டுமான்னு. கொடத்த வெச்சிட்டு அழுதுகினே வூட்டுக்கு வருது. நான் போவலன்னா மறந்துடுவானுங்க."

மறப்பானுங்களாம்! அடுத்த மாசம் நானே அவன் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆள் வராமல் தர முடியாது என்று டாக்டரம்மா கத்தினாள். கெஞ்சியதில் ஒரு வாரத்துக்குக் கொடுத்தாள். அதற்குள் ஆளை அழைத்து வரச் சொன்னாள். அவன் மாத்திரையை முழுங்கினான், ஆனால் பஸ் ஏறவில்லை. ஐப்பசி மழையில் இருமல் திரும்பியது. கார்த்திகையில் போய்ச் சேர்ந்தான். குணமாகிற வியாதியில் செத்தான்.

பத்து நாள் கழித்துச் சுப்பிரமணி பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"பாவம்பா கன்னியப்பன். நல்ல புள்ள. விதி முடிஞ்சி போச்சி."

"விதியா? நடுரோட்டுல நின்னு மறிச்சியே, அதுக்குப் பேரு விதியா?"

"இன்னா பேச்சு பேசற நீ? சம்பந்தம் பேசற எடம், ஞாபகம் வெச்சிக்கோ."

"பேச வேணாம். சைக்கிள எடு."

பஞ்சர் ஒட்ட ஒரகடம் வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போனார். அந்தச் சம்பந்தமும் நின்றுபோனது. போகட்டும்.