நான்கு மோட்டாரும் சந்தனப் பொட்டும்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பி புது வண்டியை ஓட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்த அன்று எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வண்டிதான் தெருவுக்குள் வர முடியவில்லை. செங்கம் சாலையில் பேருந்துகளையே ஒதுங்க வைத்ததாம். எங்கள் சந்து முனையில் ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் கால்வாய். முன்னும் பின்னும் நாலு முறை நகர்ந்து பார்த்துவிட்டு முனையிலேயே நின்றுகொண்டது, பெண் பார்க்க வந்த வீட்டில் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாத மாப்பிள்ளை மாதிரி.

அது மின்சாரத்தில் ஓடும் பெரிய பிக்கப் டிரக். பாறை, மணல், ஓடை எதுவும் அதற்கு ஒரு பொருட்டில்லை என்றான்.

"அக்கா, நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். சுவத்துல விட்டாக்கூட ஏறும்."

"மொதல்ல எங்க தெருவுல ஏறட்டும் தம்பி," என்றார் பக்கத்தில் நின்ற என் நாத்தனார். என் கணவரின் அக்கா அவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

தம்பி வந்தது வண்டியைக் காட்ட மட்டும் அல்ல, மடியைக் கொடுக்கவும்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் என் கணவர் வீட்டுக் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து என் மகளுக்கு முடி இறக்க வேண்டும். அவள் குறைமாதத்தில் பிறந்து மூன்று வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நான் நேர்ந்துகொண்டது அது. பதினோராம் மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. விட்டால் மூன்றாம் வயதில்தான் செய்வார்கள். அதுவரை அந்த வேண்டுதலைச் சுமந்துகொண்டு என்னால் நிம்மதியாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் முடி விழ வேண்டும்.

பேசாமல் வாடகை வேனில் போய்விடலாமா என்று கணவரிடம் இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கலாமா என்று யோசிப்பதற்குள், மச்சான் மனசு நோகும் என்று சொல்லிவிட்டார். அவருக்கும் அதில் ஏற ஆசை.

முனை வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு பிளக் கொடுத்தார். மாலை ஆறு மணிக்குச் செருகியது, காலை ஆறு மணிக்கும் முக்கால்தான் நிரம்பியிருந்தது. அந்த வீட்டு ஏசி இரவெல்லாம் ஓடவில்லை என்பதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தம்பி அந்த வண்டியைப் பற்றிய எல்லா வீடியோவும் பார்த்தவன். கையேட்டை மட்டும் உறையிலிருந்து எடுக்கவில்லை. குழந்தை இருக்கையை எங்கே கட்டுவது என்று பார்க்க நான்தான் பிரித்தேன். எச்சரிக்கை என்று எங்கே எழுதியிருந்தாலும் விடாமல் படிப்பது என் வழக்கம். கடைசிப் பக்கம் வரை படித்தேன்.

காலையில் பட்டுப்புடவையோடு அந்த உயரத்துக்கு ஏற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தேவைப்பட்டது. ஊரைத் தாண்டியதும் தம்பி ஒரே ஒரு முறை மிதித்துக் காட்டினான். சத்தமே இல்லாமல் என் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மகள் குடித்த பாலை அப்படியே என் தோளில் கக்கினாள். அதற்குப் பிறகு மெதுவாகத்தான் ஓட்டினான். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கும் வண்டி பிடித்துவிட்டது. இரைச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. மகள் தூங்கிவிட்டாள்.

கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் எல்லைக் கல் இருக்கிறது. புது வண்டி பொட்டு வைத்துக்கொண்டுதான் அந்தக் கல்லைத் தாண்ட வேண்டும் என்பது என் கணவர் வீட்டு வழக்கம். பொங்கல் பாத்திரங்களையும் முடி இறக்குபவரையும் ஏற்றிய குட்டி யானை லாரி, கல்லுக்கு அப்பால் இருந்த வறண்ட ஓடையில் இறங்கி முன்னால் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து வண்டியின் முகப்பு முழுவதும் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். தம்பி கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தான். நாலு அடி நகர்ந்து, ஓடை மணலின் விளிம்பில் நின்றுவிட்டது. முன்னால் தடை இருப்பதாகத் திரையில் சிவப்பு எழுத்து. முன்னால் வெறும் மணல்.

மணி ஒன்பது ஐம்பது. தம்பி வண்டியை அணைத்துப் போட்டான், மறுபடி அணைத்துப் போட்டான். போனில் சிக்னல் இல்லை. குட்டி யானை அக்கரை ஏறி, புகையைக் கக்கிக்கொண்டு மறைந்தது.

"நாலு மோட்டார்ல ஒண்ணுகூடவா வேலை செய்யல, தம்பி?" என்றார் நாத்தனார்.

நடந்துவிடலாம் என்றேன். புது வண்டியை ஓடையில் விட்டுவிட்டு எப்படி வருவது என்று தம்பி தவித்தான். அவன் இல்லாமல் நாங்கள் மட்டும் போய்ச் சேர்ந்து என்ன பயன்?

எனக்குக் காரணம் தெரியும். முன்பக்கக் கேமராவும் உணரிகளும் சேற்றாலோ ஸ்டிக்கராலோ மறைந்தால் வண்டி நகர மறுக்கலாம் என்று கையேட்டில் இருந்தது. சந்தனத்தை அவர்கள் குறிப்பிடவில்லை. தெரிந்தும் பத்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. எல்லையில் வைத்த பொட்டை, அதுவும் நாத்தனார் வைத்ததை, எப்படி அழிக்கச் சொல்வது? அழித்து, பிறகு குழந்தைக்கு ஏதாவது ஒன்று வந்தால்? என் யூகம் தவறாக இருந்தால்? மணி பத்தைத் தாண்டியதும் இறங்கிப் போனேன்.

"அண்ணி, வண்டிக்கு கண்ணு அங்கதான் இருக்கு. நீங்க வெச்ச பொட்டு மூடிக்கிச்சுன்னு நெனைக்கிறேன்."

அவர் குனிந்து பார்த்தார். "நடுவுல பள்ளமா இருந்துச்சு. பொட்டு வைக்கத்தான் எடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்."

துடைத்துவிடட்டுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குள் அவரே கேமராவின் மேலிருந்த சந்தனத்தை விரலால் வழித்து, தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியில் வைத்தார்.

"அழிக்கலம்மா. எடம் மாத்திட்டேன்."

மற்ற பொட்டுகளும் அப்படியே இடம் மாறின. எனக்கொன்று, கணவருக்கொன்று, தம்பிக்கு நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும். மிச்சம் ஒட்டியிருந்ததை நான் பால் துணியை நனைத்து எடுத்தேன். திரையில் சிவப்பு மறைந்தது. வண்டி மணலில் இறங்கி, நாலு சக்கரமும் தனித்தனியே யோசிப்பது போல அசைந்து, அலுங்காமல் அக்கரை ஏறியது. எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். மூன்று பொட்டோடு இருந்த தம்பியைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்பதால்கூட இருக்கலாம்.

கத்தி பட்டதும் மகள் ஊரே கேட்கும்படி அழுதாள். அத்தனை பெரிய வண்டியை அடக்கி ஓட்டுகிறவன், அவளை மடியில் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான். முதல் முடி அவன் வேட்டியில் விழுந்தபோது என் போனில் பத்து இருபத்து மூன்று. கணவரிடம் அவர் கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்டேன். அதே பத்து இருபத்து மூன்றுதான். நாத்தனாரிடமும் ஒரு முறை கேட்டுக்கொண்டேன்.