நாற்காலி இழுபட்ட சத்தம்

பிள்ளைகளே, என் மூத்த மகள் மேரியின் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாமல் நான் வீடியோ பார்க்க, சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஹெட்போன் வாங்கப் போனோம். மேரி, காதை முழுதாக மூடும் ஒன்றை மாட்டிப் பார்த்தாள். "அப்பா, கடைக்காரர் பேசுறதே கேட்கல. இதையே வாங்குங்க லா!" என்றாள். அதைப் போட்டதும் எனக்குக் காது வியர்த்தது. அதனால் பின்பக்கம் திறந்து காற்றுப் போகிற ஒன்றை வாங்கினேன்.

"படம் முழுக்க எங்களுக்கும் கேட்குது. இதுக்கு எதுக்கு ஹெட்போன்?" என்று மனைவி கேலி செய்தாள்.

ஒரு நாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். நான் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வசனத்துக்கு நடுவே சமையலறையில் நாற்காலி இழுபடும் சத்தம் அந்தத் திறந்த ஹெட்போன் வழியாகவே கேட்டது. ஓடினேன். என் மூன்று வயது இளைய மகள் ஸ்டெல்லா நாற்காலியில் ஏறி, ஜன்னலுக்கு வெளியே துணி காயும் மூங்கில் கழியை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீடு பத்தாவது மாடி. இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். "என் கவுன் வேணும்!" என்று அழுதாள்.

இப்போது சமையலறையில் நாற்காலி வைப்பதில்லை. யார் ஹெட்போன் மாட்டினாலும், இன்னொருவர் சமையலறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்போம். காதில் விழாவிட்டால் சத்தத்தைக் குறைக்க வேண்டும். அந்த வேலையை ஸ்டெல்லாவிடம் மட்டும் கொடுப்பதில்லை. அவளுக்கு மெதுவாகக் கூப்பிடத் தெரியாது.