முதல் போணிக்குப் போன கல்யாணப் புடவை

காலை பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. சென்னையில் வேலை பார்த்த என் மகள், தீபாவளி லீவுக்கு ஆரணிக்குப் பஸ் ஏறுவதற்கு முன் பேசினாள். நான் முறுக்கு மாவுக் கையோடு, பெருமை தாங்காமல் சொன்னேன்.

"நெட்டுல விளம்பரம் குடுத்தேன் இல்ல, புடவை வித்துடுச்சி. நேத்து சாயங்காலமே கூரியர்ல குடுத்துட்டேன்."

"எந்தப் புடவைம்மா?"

"உன் கல்யாணப் புடவைதான்."



கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் கேட்ட கத்திரிப்பூ நிறத்தில் அவள் அப்பா தன் கையால் நெய்த புடவை அது. நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில் இதுபோல் நெய்து தருவோம் என்று மாதிரிக்காக அதைப் படம் எடுத்து, பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து விளம்பரம் போட்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் டாக்டர் என்று ஒருவர், தில்லியில் உள்ள தங்கைக்குத் தீபாவளிப் பரிசாக அதே புடவைதான் வேண்டும் என்று எழுதினார். நான் தயங்கினேன். என்னை டீச்சர் என்றே கூப்பிடும் என் வீட்டுக்காரர் தயங்கவில்லை.

"மொத போணி டீச்சர். அத திருப்பி அனுப்பினா அப்புறம் வியாபாரம் விளங்குமா? வர்ற பணத்துல பட்டு, ஜரிகை வாங்கி அவளுக்கு அதே மாதிரி நெய்ஞ்சிடறேன்."

எங்கள் தெருவில் முதல் கிராக்கியை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வந்தாலும் கிராக்கி கிராக்கிதான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

"பணம் வந்துச்சா?" என்றாள் மகள்.

"பேங்க்ல இருந்து மெயில் வந்துச்சிம்மா. பணம் ரெடியாம். கூரியர் நம்பர அனுப்பினா கணக்குல ஏத்திடுவாங்களாம்."

"அத படி."

அச்செடுத்துப் பூஜை அலமாரியில் வைத்திருந்த தாளை எடுத்து, மேலே இருந்த மெயில் அட்ரஸிலிருந்து படித்தேன். "அன்புள்ள சகோதரி, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக" என்று ஆங்கிலத்தில் கடிதம் தொடங்கியது.

"ம்மா, எந்த பேங்க் உன்ன சகோதரின்னு கூப்புடும்? லோன் கேக்கப் போனப்போ உக்காருன்னுகூட சொல்லல. அது யார் வேணா ஓசில ஆரம்பிச்சிக்கற மெயில் அட்ரஸ். ஏமாத்திகினு இருக்கான். ஜல்தியா கூரியர் ஆபீஸுக்குப் போ."

வீட்டுக்காரர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆபீஸ் பூட்டியிருந்தது. பார்சல் ஏற்றும் வேலூர் வண்டி காலையிலேயே போய்விட்டது என்றார் பக்கத்து டீக்கடைக்காரர். போனை எடுக்கவும் ஆளில்லை. வீடு திரும்பியதும் அவர் தறிக்குழியில் இறங்கி, வேலை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் முறுக்கு கருகியது.

நாலு மணிக்கு மகள் வந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளோ பையை வைத்துவிட்டு, கருகாத முறுக்காகத் தேடி எடுத்துக் கடித்தாள்.

"உடும்மா. சுடிதார்லயே தாலி கட்டிக்கறேன்."

"மாப்ள ஓடிடப் போறாரு," என்றார் அவர், முதன்முறையாகத் தலையைத் தூக்கி.

"ஓடினா புடிச்சிகினு வாங்கப்பா. அம்மா நெட்டுல போட்டு வித்துடுவாங்க."

அவர் குழிக்குள்ளிருந்தே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அழுதுகொண்டிருந்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "யார் இன்னா எழுதினாலும் நம்ம பேங்குக்கு நீயே போன் பண்ணிக் கேளு. பாஸ்புக்ல பணம் ஏறாம ஒரு நூலுகூட வீட்ட உட்டுப் போகக் கூடாது. அவசரப்படுத்தினா அப்பவே சந்தேகப்படு," என்றாள். அவள் சின்ன வயதில் நான் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததுபோல அதை மூன்று தரம் என்னைச் சொல்லவைத்தாள். இன்றும் பண்டிகை வாரத்தில் தெரியாதவர் மெயில் வந்தால் அவளைக் கேட்காமல் திறப்பதில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் சைக்கிள் நின்றது. கூரியர் ஆபீஸ்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு, தப்பு செய்தவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். சீசன் கூட்டம், வண்டி காலையிலியே நெரம்பிடுச்சி. உங்க பார்சல் ஆபீஸ்லயேதான் கெடக்குது. நாளிக்கு மொத வண்டில நானே கண்டிப்பா ஏத்தி உட்டுடறேன்."